சங்கத்தில் சேர்ந்தால் மட்டும் போதாது: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு

டர்பனில் ஒரு அரசுப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் எடுக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வந்த முதல் வருடமே ஆசிரியர் சங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு கிளை, மாகாணம், தேசிய அலுவலகம் என்று எல்லா இடத்துக்கும் என் பெயர் போயிருக்கும் என்று நம்பினேன்.

இரண்டாம் வருடம் எங்கள் துறைத் தலைவர் பேறுகால விடுப்பில் போனார். நான்கு மாதம் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். அதற்கான பொறுப்புப்படி வரவில்லை. பள்ளியிலிருந்து போக வேண்டிய ஒரு தாள் போகவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சங்கத்தின் பள்ளிப் பிரதிநிதியிடம் கடிதம் கொடுத்தேன். "கிளைக்குச் சேர்த்துடறேன்" என்றார். வாரங்கள் ஓடின. பொறுக்க முடியாமல் சங்கத்தின் மாகாண அலுவலகத்துக்கு நானே போன் போட்டபோது, "உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லையே" என்றார்கள். சேரும் படிவத்தில் என் பெர்சல் எண்ணில், அதாவது அரசுச் சம்பளக் கணக்கு எண்ணில், ஒரு இலக்கம் மாறியிருந்தது. ஒரு மாதம்கூடச் சந்தா பிடித்தம் ஆகவில்லை. என் கடிதமோ பள்ளிப் பிரதிநிதியின் கோப்பிலேயே இருந்தது. அதற்குள் தகராறைப் பதியச் சட்டம் கொடுக்கும் 90 நாள் முடிந்து மேலும் 23 நாள் ஆகிவிட்டது.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். முதன்முதலாக வேலையில் சேரும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இதேதான் நடைமுறை.

1. உங்கள் முதலாளி யார் என்று முதலில் பாருங்கள்

பள்ளி முதல்வர்தான் முதலாளி என்று நினைக்க வேண்டாம். அரசுப் பணியிடத்தில் இருந்தால், 1998ஆம் ஆண்டின் 76ஆம் எண் கல்வியாளர் பணிச் சட்டப்படி உங்கள் முதலாளி மாகாணக் கல்வித் துறையின் தலைவர். பள்ளி நிர்வாகக் குழு தன் பணத்திலிருந்து சம்பளம் கொடுக்கும் பணியிடம் என்றால் முதலாளி அந்தப் பள்ளியே. தனியார் பள்ளி என்றால் அதை நடத்தும் நிறுவனம்.

அடுத்து வரும் எல்லாமே இதைப் பொறுத்துத்தான். அரசுப் பணியிடத்தில் இருப்பவரின் தகராறு கல்வித் தொழிலுறவு மன்றத்துக்குப் போகும். எல்லோரும் இ.எல்.ஆர்.சி. என்பார்கள், தலைமையகம் செஞ்சூரியனில். நிர்வாகக் குழுப் பணியிடமும் தனியார் பள்ளியும் சி.சி.எம்.ஏ. என்ற சமரச ஆணையத்துக்குப் போகும். தப்பான இடத்தில் தாளைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். அது திரும்பி வந்து சேர்வதற்குள் பல வாரங்கள் போய்விடும்.

எந்தப் பணியிடம் என்று சந்தேகம் இருந்தால் நியமனக் கடிதத்தையும் பே ஸ்லிப்பையும் எடுத்துப் பாருங்கள். 8 இலக்கப் பெர்சல் எண் இருந்தால் அரசுச் சம்பளம். பள்ளியின் சொந்தத் தாளில் பே ஸ்லிப் வந்தால் நிர்வாகக் குழுச் சம்பளம். இந்த நியமனக் கடிதத்தை ஒருபோதும் தொலைக்காதீர்கள்.

2. சேஸ் வேறு, இ.எல்.ஆர்.சி. வேறு, சங்கம் வேறு

புதிதாக வந்தவர்கள் பலர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். பே ஸ்லிப்பில் பிடித்தம் என்ற பகுதியில் வரிசையாக என்னென்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் படியுங்கள். வருமான வரி இருக்கும். ஓய்வூதிய நிதி இருக்கும், அதற்குச் சம்பளத்தில் 7.5 விழுக்காடு போகும். சேஸ் என்று ஒரு சிறு தொகை இருக்கும். இ.எல்.ஆர்.சி. என்று இன்னொரு சிறு தொகை இருக்கும்.

சேஸ் என்பது 2000ஆம் ஆண்டின் 31ஆம் எண் சட்டப்படி நடக்கும் கல்வியாளர் மன்றம். அதில் பதியாமல் பாடம் எடுக்கவே முடியாது. ஒழுக்க விதிகளை மீறியதாகப் புகார் வந்தால் உங்களை விசாரிப்பதும் அதுதான். அது சங்கம் அல்ல. உங்களுக்காக வந்து பேசாது. இ.எல்.ஆர்.சி. என்பது அரசும் சங்கங்களும் உட்கார்ந்து பேசும் மேசை. அதற்குப் பிடிக்கும் தொகை அந்த மன்றத்தை நடத்துவதற்கு.

"எனக்குத்தான் மாதாமாதம் பிடிக்கிறாங்களே, நான் சங்கத்தில் இருக்கேன்" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். அவர் காட்டிய தாளில் இருந்தது சேஸ் பிடித்தம். இரண்டு வருடமாக எந்தச் சங்கத்திலும் இல்லாமல்தான் இருந்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பான்மைச் சங்கம் முதலாளியோடு ஒப்பந்தம் போட்டால், சங்கத்தில் சேராதவரிடமும் ஏஜென்சி கட்டணம் என்று ஒரு தொகை பிடிக்கத் தொழிலுறவுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தக் கட்டணத்தைக் கட்டுவதால் நீங்கள் உறுப்பினர் ஆகிவிட மாட்டீர்கள்.

3. வெளிநாட்டவர் சேரலாமா?

சேரலாம். அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, சங்கம் சேரும் உரிமையை ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்கிறது. குடிமகன் என்று அது பிரிக்கவில்லை. 1995ஆம் ஆண்டின் 66ஆம் எண் தொழிலுறவுச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக உங்களுக்குக் கெடுதல் செய்யக் கூடாது என்பது 5ஆம் பிரிவு. "விசாவுல வந்தவன், எதுக்கு வம்பு" என்று ஒதுங்கி நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் அந்தப் பயத்துக்கு வேலையே இல்லை.

4. எந்தச் சங்கம்?

நான் சொல்வதைவிட, உங்கள் பள்ளியில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் இதை முடிவு செய்ய வேண்டும். நாட்டிலேயே பெரியது சாட்டு (SADTU) என்ற சங்கம். 1990இல் தொடங்கியது, 1993இல் கோசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பில் சேர்ந்தது, தேசிய அலுவலகம் கெம்ப்டன் பார்க்கில். நாப்டோசாவின் தேசிய அலுவலகம் பிரிட்டோரியாவில். டர்பனில் தமிழ் வம்சாவளி ஆசிரியர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழிப் பள்ளிகளில் எஸ்.ஏ.ஓ.யூ. வலுவாக இருக்கும். இந்த மாகாணத்தில் வேர் விட்ட இன்னொன்று நாட்டு (NATU) என்ற சங்கம்.

தேர்ந்தெடுக்குமுன் மூன்றே கேள்வி கேளுங்கள். என் பள்ளியில் உங்கள் பிரதிநிதி யார்? கிளைச் செயலாளர் எந்தப் பள்ளியில் வேலை செய்கிறார், எந்த எண்ணில் பிடிக்கலாம்? என் வகைப் பணியிடத்தை எடுத்துக்கொள்வீர்களா? மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் அந்தச் சங்கத்தின் கீழ்மட்டம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பெரிய பெயரைவிட இதுதான் முக்கியம் என்பது என் அனுபவம். நிர்வாகக் குழுப் பணியிடத்தில் இருப்பவர்களும் தனியார் பள்ளிக்காரர்களும் மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. படிவம், ஆவணங்கள், செலவு

கேட்கும் தாள்கள் இவை: கடவுச்சீட்டு நகல் அல்லது அடையாள அட்டை நகல், வேலை விசா நகல், அண்மைய பே ஸ்லிப், சேஸ் எண், நியமனக் கடிதத்தின் நகல். எல்லாச் சங்கமும் எல்லாவற்றையும் கேட்பதில்லை. ஆனாலும் ஒரே தடவையில் எல்லாவற்றையும் தயார் செய்து வையுங்கள்.

நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்க வழக்கறிஞரிடம் போய்ப் பணம் கொடுக்க வேண்டாம். காவல் நிலையத்தில் இலவசமாகப் போட்டுத் தருவார்கள். மூலத்தைக் கையில் எடுத்துப் போங்கள். மூலம் இல்லாமல் முத்திரை கிடையாது. முத்திரை விழுந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே பாருங்கள். தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா, அதிகாரியின் பெயரும் பதவியும் எழுதியிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா? மை காய்ந்த முத்திரையில் மாதம் மட்டும் தெரிந்து நாள் தெரியாமல் போனதால் எனக்கு ஒரு தடவை முழுக் கட்டும் திரும்பி வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் பழைய சான்றொப்பத்தைப் பல அலுவலகங்கள் வாங்குவதில்லை என்பதால் பத்துப் பதினைந்து எடுத்து அடுக்கி வைப்பதிலும் பயனில்லை.

படிவத்தில் இரண்டு பகுதி இருக்கும். மேலே உறுப்பினர் விண்ணப்பம். கீழே ஸ்டாப் ஆர்டர், அதாவது சம்பளத்திலிருந்து சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்ப முதலாளிக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி. இரண்டிலும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். மேலே மட்டும் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

பெர்சல் எண்ணை பே ஸ்லிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலக்கம் இலக்கமாக எழுதுங்கள். எழுதியபின் வேறொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி நீங்கள் சரிபாருங்கள். என் படிவத்தில் 1 என்று நான் போட்டதை யாரோ 7 என்று எடுத்துக்கொண்டார்கள். என் கையெழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த ஒரு கோடு எனக்குப் பல மாதத்தைத் தின்றுவிட்டது. பெயரும் அப்படித்தான். நமக்குத் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும். இங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ, பே ஸ்லிப்பில் எப்படி இருக்கிறதோ, அதையே எழுதுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் பே ஸ்லிப்பில் உள்ளபடி எழுதி, பக்கத்தில் கடவுச்சீட்டுப் பெயரையும் குறித்துவிடுங்கள்.

சந்தா எவ்வளவு? சில சங்கங்களில் மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை. சிலவற்றில் சம்பளத்தில் ஒரு விழுக்காடு கணக்கு. 25,000 ராண்ட் சம்பளத்தில் 1 விழுக்காடு என்றால் 250 ராண்ட் ஆகிறது. சம்பளம் உயரும்போது சந்தாவும் உயரும். இன்றைய தொகையைப் படிவம் வாங்கும்போதே கேட்டு, படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தனியாகச் சேர்க்கைக் கட்டணம் உண்டா, இறுதிச்சடங்கு உதவி மாதிரி வேறு ஏதாவது திட்டம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா என்பதையும் கேளுங்கள். ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தேவை.

கொடுத்த படிவத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள், கொடுத்த தேதி, வாங்கியவர் பெயரோடு.

6. பிடித்தம் ஆரம்பித்ததா என்று பாருங்கள்

அனுமதி கிடைத்ததும் முதலாளி கூடிய விரைவில் பிடித்தம் தொடங்க வேண்டும், பிடித்த தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் சங்கத்துக்குக் கட்ட வேண்டும் என்று தொழிலுறவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. பெர்சலில் அந்த மாதக் கணக்கு மூடிய பிறகு படிவம் போனால் அடுத்த மாதம்தான் வரும். ஆகவே ஒரு மாதம் பொறுக்கலாம். இரண்டாவது பே ஸ்லிப்பிலும் சங்கத்தின் பெயர் வரவில்லை என்றால் அன்றைக்கே கேளுங்கள்.

பிடித்தம் வந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாகாண அலுவலகத்துக்குப் போன் செய்து, "என் உறுப்பினர் எண் என்ன? எந்தக் கிளையில் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பணம் போய்ச் சேர்வதும் பெயர் சரியான கிளையில் ஏறுவதும் தனித்தனி வேலை. பணம் போகும், பெயர் வேறு கிளையில் இருக்கும். அல்லது எந்தக் கிளையிலும் இருக்காது. அப்படி இருந்தால் கிளைக் கூட்டத்துக்கு அழைப்பு வராது, வாக்கும் இருக்காது.

சங்கத்தின் எல்லையும் கல்வித் துறையின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. டர்பன் பகுதிகளையே பாருங்கள்: கல்வித் துறைக் கணக்கில் சாட்ஸ்வொர்த் உம்லாசி மாவட்டத்தில், ஃபீனிக்ஸ் பைன்டவுன் மாவட்டத்தில். சங்கக் கிளை இதற்குக் குறுக்கே போகலாம். வீட்டு முகவரியை வைத்துக் கிளை போட்டுவிடுவார்கள். பள்ளி முகவரிதான் கணக்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

7. ஐந்து படி, ஒவ்வொன்றிலும் ஒருவர்

பெரிய சங்கத்தில் அமைப்பு இப்படி ஏறும்: பள்ளி, கிளை, வட்டாரம், மாகாணம், தேசியம். சாட்டுவில் இந்த ஐந்தும் உண்டு. மற்ற சங்கங்களில் ஒரு படி குறையலாம், பெயர் மாறலாம்.

பள்ளியில் இருப்பவரை சைட் ஸ்டூவர்ட் என்பார்கள். பெரும்பான்மைச் சங்கத்துக்கு ஒரு வேலைத்தலத்தில் 10 உறுப்பினர் இருந்தால் ஒருவரையும், 10க்கு மேல் போனால் இருவரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு கணக்குச் சொல்கிறது. நீங்கள் கேட்டுக்கொண்டால் குறைதீர் விசாரணையிலும் ஒழுங்கு நடவடிக்கையிலும் உங்களோடு உட்காரும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அவரும் உங்களைப் போல் வகுப்பு எடுக்கிறவர்தான். நாளுக்கு ஆறு பாடவேளை, பிறகு விளையாட்டுப் பயிற்சி, பிறகு விடைத்தாள். என் கடிதத்தை அவர் வேண்டுமென்று வைத்துக்கொள்ளவில்லை. காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் அது இருந்ததை நானே பார்த்தேன்.

கிளைச் செயலாளரும் அநேகமாக ஆசிரியர்தான். முழுநேர ஊழியர்களைப் பெரும்பாலும் மாகாண அலுவலகத்தில்தான் பார்க்கலாம். சட்ட உதவி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் பல சங்கங்களில் அங்கேதான். சம்பளம், படி, ஓய்வூதியம் பற்றிய பேச்சு தேசிய மட்டத்தில் நடக்கும்: கல்விக்கு மட்டும் உரியது இ.எல்.ஆர்.சி.யில், அரசு ஊழியர் எல்லோருக்கும் பொதுவானது பி.எஸ்.சி.பி.சி. என்ற பேச்சு மன்றத்தில். அதற்கும் மேலே கோசாட்டு மாதிரிக் கூட்டமைப்புகள். நாட்டுக்கு வெளியே எஜுகேஷன் இன்டர்நேஷனல் என்ற உலக அமைப்பு, தலைமையகம் பிரஸ்ஸல்ஸில். சாட்டுவும் நாப்டோசாவும் அதில் உறுப்பினர்கள்.

கூட்டமைப்பிலும் உலக அமைப்பிலும் உறுப்பினராக இருப்பது உங்கள் சங்கம்தான், நீங்கள் தனியாக அல்ல. உங்கள் சொந்தக் குறையை எடுத்துக்கொண்டு நேராக கோசாட்டு அலுவலகத்துக்குப் போனால், "உங்கள் சங்கத்திடம் போங்கள்" என்றுதான் சொல்வார்கள். நான் போயிருக்கிறேன்.

எங்கள் கிளையில் ஒரு அக்கா இருக்கிறார். சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், முப்பது வருட அனுபவம். தமிழில் பத்து வார்த்தை வரும், அதில் ஒன்று தம்பி. அவர் எனக்குச் சொன்னது: "தம்பி, தாளை யாரிடம் கொடுத்தாலும் அவருக்கு மேலே இருக்கிறவருக்கும் ஒரு நகல் போகட்டும்." அன்றிலிருந்து பள்ளிப் பிரதிநிதிக்கு எழுதும் எந்த மின்னஞ்சலிலும் கிளைச் செயலாளரைச் சேர்க்கிறேன். கிளைக்கு எழுதினால் மாகாணத்தைச் சேர்க்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னதை மின்னஞ்சலிலும் சொல்லுங்கள். தேதியோடு நிற்பது அதுதான்.

8. குறை வந்துவிட்டால்: சங்கம் நடக்கும் வேகம் வேறு, சட்டம் எண்ணும் நாள் வேறு

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

பணிநீக்கம் என்றால் நீக்கிய நாளிலிருந்து 30 நாள். பதவி உயர்வு, படி, பயிற்சி, இடைநீக்கம் போன்ற நியாயமற்ற தொழில் நடைமுறை என்றால் அது நடந்த நாளிலிருந்து அல்லது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 90 நாள். தொழிலுறவுச் சட்டத்தின் 191ஆம் பிரிவு இது. இந்த நாட்களுக்குள் இ.எல்.ஆர்.சி.க்கோ சி.சி.எம்.ஏ.வுக்கோ தாள் போய்ச் சேர வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரும்.

பள்ளிக்குள் குறைதீர் மனு கொடுத்தால் இந்த எண்ணிக்கை நிற்காது. சங்கத்திடம் கொடுத்தாலும் நிற்காது. "கிளை பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றாலும் நிற்காது. டிசம்பரில் பள்ளி மூடி எல்லோரும் ஊருக்குப் போகும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி நாள் மட்டும் டிசம்பர் 16க்கும் ஜனவரி 7க்கும் இடையில் விழுந்தால் தள்ளிப் போகும் என்பது சி.சி.எம்.ஏ. விதி. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இங்கே தமிழர்கள் புரட்டாசி விரதத்தை அவ்வளவு சிரத்தையாக இருப்பார்கள். "புரட்டாசி முடியட்டும், பிறகு உட்கார்ந்து பேசலாம்" என்று கிளையில் சொன்னால் எனக்கும் மறுக்க மனம் வராது. புரட்டாசி முடிந்தால் நான்காம் பருவத் தேர்வு, அது முடிந்தால் டிசம்பர். 90 நாள் அப்படித்தான் போய்விடுகிறது.

அதனால் குறை என்று தெரிந்த அன்றே ஒரு தாளில் இரண்டு தேதி எழுதுங்கள். ஒன்று சட்டத்தின் கடைசி நாள். மற்றது அதற்கு இரண்டு வாரம் முந்தைய நாள். முந்தைய தேதிக்குள் சங்கம் தாள் போட்டதற்கான சான்று உங்கள் கைக்கு வரவில்லை என்றால் நீங்களே போட்டுவிடுங்கள். போடலாம். சங்கம்தான் போட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கட்டணமும் கிடையாது. பிறகு சங்கம் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

சி.சி.எம்.ஏ.வுக்கு 7.11 என்ற படிவம். இ.எல்.ஆர்.சி.க்கு அவர்களுடைய சொந்தப் படிவம். இரண்டிலும் முதலாளி என்ற கட்டத்தில் முதல் பகுதியில் சொன்னபடி சரியான பெயரை எழுதுங்கள். பள்ளி முதல்வர் பெயரை எழுதாதீர்கள். படிவத்தின் நகலை முதலில் முதலாளிக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கான சான்று, அதாவது கையெழுத்தோடு வாங்கிய நகலோ, மின்னஞ்சல் அனுப்பிய தாளோ, பதிவுத் தபால் சீட்டோ இணைந்திருந்தால்தான் மன்றம் ஏற்கும்.

கூடவே வைக்க வேண்டியவற்றில் முதலாவது, என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதிய குறிப்பு. எனக்கு உதவியவை பேறுகால விடுப்புக் காலத்துப் பாட அட்டவணை, துறைத் தலைவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்ட கூட்டக் குறிப்புகள், அந்த நான்கு மாத பே ஸ்லிப், "பொறுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வந்த ஒரு மின்னஞ்சல். வாய்மொழியாகச் சொன்னதை எல்லாம் அன்று மாலையே மின்னஞ்சலில், "இன்று காலை நீங்கள் சொன்னபடி" என்று எழுதி வைத்திருந்தால் இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

தாள் போன பிறகு 30 நாளுக்குள் சமரசப் பேச்சு நடக்க வேண்டும். அதில் வழக்கறிஞர் வர முடியாது. சங்க நிர்வாகியோ அலுவலரோ வரலாம். முடிவு வராவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்தத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் நடுவர் விசாரணை கேட்க வேண்டும். இதுவும் தானாக நடக்காது, கேட்டால்தான்.

நாள் கடந்துவிட்டதா? தாமதத்தைப் பொறுக்கும்படி விண்ணப்பம் போடலாம். எத்தனை நாள் தாமதம், ஏன், வழக்கில் வெல்ல வாய்ப்பு இருக்கிறதா, மறுபக்கத்துக்கு என்ன பாதிப்பு என்று உறுதிமொழித் தாளில் எழுத வேண்டும். அதற்கும் காவல் நிலையத்தில் சத்தியம் செய்து கையெழுத்துப் போடலாம், இலவசம். சங்கம் தாமதித்தது என்று மட்டும் எழுதினால் போதாது. நீங்கள் எந்தெந்தத் தேதியில் யாரைக் கேட்டீர்கள் என்று காட்ட வேண்டும். என்னிடம் இருந்த போன் பட்டியலும் இரண்டு மின்னஞ்சலும்தான் என்னைக் காப்பாற்றின. 23 நாளைப் பொறுத்துக்கொண்டார்கள். சமரசப் பேச்சிலேயே நிலுவை முடிந்தது.

சட்ட உதவிக்கு ஒரு நிபந்தனையும் தெரிந்து வையுங்கள். சேர்வதற்கு முன்பே நடந்த குறைக்குப் பல சங்கங்கள் உதவுவதில்லை. வழக்கு வந்தபின் சேரலாம் என்று இருக்காதீர்கள்.

9. உங்கள் குரல் மேலே போக

கிளைப் பொதுக்கூட்டம் பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகு பிற்பகலில் நடக்கும். எவ்வளவு பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதைச் சங்கத்தின் அமைப்பு விதி சொல்லும். அந்த விதிப் புத்தகத்தை ஒரு தடவை வாங்கிப் படியுங்கள். கூட்டம் கூடாமல் கலைந்தால் தீர்மானமும் கிடையாது. கிளை அனுப்பாத தீர்மானம் வட்டாரத்துக்கு ஏறாது.

நாங்கள் ஏழு வெளிநாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து, விசா புதுப்பிக்கும் காலத்தில் ஒப்பந்தம் அறுந்து போவதைப் பற்றி ஒரு தீர்மானம் எழுதினோம். ஒரு பக்கம்தான். என்ன நடக்கிறது என்று நான்கு வரி, சங்கம் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று இரண்டு வரி. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். இரண்டு வாரம் முன்னதாகச் செயலாளரிடம் கொடுத்து, நிகழ்ச்சி நிரலில் ஏறியதா என்று கேட்டுக்கொண்டோம். நிறைவேறிய பிறகு கூட்டக் குறிப்பின் நகலை வாங்கினோம். அந்த நகலை வைத்துத்தான் வட்டாரத்தில், "எங்கள் தீர்மானம் எங்கே?" என்று கேட்க முடிந்தது. அது இப்போது மாகாண மட்டத்தில் இருக்கிறது.

ஆண்டுக் கணக்கையும் தணிக்கை அறிக்கையையும் உறுப்பினர் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று தொழிலுறவுச் சட்டத்தின் 98ஆம் பிரிவு சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

10. நாமே ஒரு சங்கம் தொடங்கினால் என்ன?

இதை வருடம் ஒருவராவது கேட்கிறார். தொடங்கலாம். பதிய வேண்டுமானால் பெயர், முகவரி, 95ஆம் பிரிவு கேட்கும் எல்லாம் அடங்கிய அமைப்பு விதி, முதலாளியின் பிடியில் இல்லாத சுதந்திரம் எல்லாம் வேண்டும். பதிந்தபின் ஆண்டுதோறும் மார்ச் 31க்குள் உறுப்பினர் எண்ணிக்கை, தணிக்கை அறிக்கை கிடைத்து 30 நாளுக்குள் அதன் நகல், நிர்வாகிகள் மாறினால் 30 நாளுக்குள் தகவல். இவ்வளவும் செய்தாலும் இ.எல்.ஆர்.சி. மேசையில் இடம் கிடைக்காது. அதற்குப் பெரிய எண்ணிக்கை வேண்டும். ஐம்பது அறுபது பேருக்கு இது வீண் பாரம் என்பது என் கருத்து. இருக்கும் கிளையில் ஒரு குழுவாக உட்காருங்கள்.

கோயில்களிலும் சங்கக் கூடங்களிலும் வார இறுதியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அக்கா அண்ணன்மார் விஷயம் வேறு. சம்பளம் வாங்காமல் சேவையாகச் செய்கிறவர்களுக்குத் தொழிற்சங்கச் சட்டம் பொருந்தாது. அவர்கள் 1997ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டப்படி இலாப நோக்கற்ற அமைப்பாகச் சமூக மேம்பாட்டுத் துறையில் பதியலாம். கட்டணம் இல்லை. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். பதிவு எண்ணும் அமைப்பு விதியும் கையில் இருந்தால் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் கூட்டமைப்பு போன்ற பெரிய அமைப்புகளோடு பேசுவது எளிது.

11. வேலை மாறினால், விலகினால்

பள்ளி மாறினால் கிளையையும் மாற்றச் சொல்லி எழுதுங்கள். மாகாணம் மாறினால் புதிய நியமனத்தோடு ஸ்டாப் ஆர்டர் தொடர்கிறதா என்று முதல் இரண்டு பே ஸ்லிப்பிலும் பாருங்கள். விட்டுப் போயிருந்தால் புதிய படிவம்தான்.

சங்கத்தை விட்டு விலக, சந்தா பிடிக்கக் கொடுத்த அனுமதியை ரத்து செய்வதாக முதலாளிக்கும் சங்கத்துக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். தனியார் பள்ளியில் ஒரு மாத அறிவிப்பு. அரசுப் பணியில் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் பிடித்தம் நடக்கும். வேறு சங்கத்துக்கு மாறுகிறவர்கள், பழையது எந்த மாதம் நிற்கிறது என்று கணக்குப் பார்த்துப் புதிய படிவத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் இரண்டு சந்தாவும் சேர்ந்து போகும், அல்லது நடுவில் ஒரு மாதம் எந்தச் சங்கத்திலும் இல்லாமல் இருப்பீர்கள். ஊருக்கே திரும்புகிறவர்கள் இந்த அறிவிப்பையும் ராஜினாமாக் கடிதத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.